டெண்டர் நோட்டீஸுக்குப் புது முகம்

என் இணையதளத்தை என் மகள் படிக்காததற்குக் காரணம் அதன் பழைய தோற்றம்தான் என்று நான் மனதார நம்பினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற சின்ன விஷயம் அந்தச் சமயத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அடுத்தவர் எழுதிய கோப்பில் தவறு கண்டுபிடிப்பதற்காகவே மத்திய அரசு எனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பேசச் சொன்னால் எங்கள் திருநெல்வேலித் தமிழில் பாதி ஹிந்தியைக் கரைத்துப் பொழிந்து தள்ளுவாள். எழுத்தைக் காட்டினால் எல்லாம் ஜிலேபி மாதிரி இருக்கிறது என்பாள். சின்ன வயதில் லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பதாகத்தான் இருந்தோம். இடம் கிடைக்கவில்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு இன்றும் அமலில் இருக்கிறது. பாடம்தான் தொடங்கவில்லை.

இணையதளம் என்று பெரிதாகச் சொன்னாலும் விஷயம் எளியது. தில்லியில் குடித்தனம் நடத்தும் தமிழர்களுக்கான குறிப்புகள். ஜனவரிக் குளிரில் இட்லி மாவைப் பொங்கவைப்பது எப்படி, காய்காரரிடம் சேனைக்கிழங்கை என்ன பெயர் சொல்லிக் கேட்பது, சரோஜினி நகர் சந்தையில் ஸ்வெட்டர் வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, இந்த மாதிரி. நடுநடுவே வீட்டுக் கதையும் வரும். வருமானம் ஒன்றும் கிடையாது. அதனால் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு என்னால் எந்தச் சேதமும் இல்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீலத் தலைப்பு. மேலே ஓரத்தில் 'புதிது' என்று ஒரு சிவப்புப் பட்டை மின்னி மின்னி அணையும். அது பல வருடங்களாகப் புதிதாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் என் போனை நீட்டி, "அப்பாவோட சைட் எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்" என்றேன்.

விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "பேப்பர்ல டெண்டர் நோட்டீஸ் வரும்லாப்பா, அது மாதிரி இருக்கு."

பார்க்க மட்டுமே முடிந்தவளிடம் கேட்டால் பார்வைக்கு எப்படி என்றுதானே சொல்வாள்? அது எனக்கு உறைக்கவில்லை. அன்று முழுவதும் டெண்டர் நோட்டீஸ் என்ற சொல் காதுக்குள் கொசுவாகச் சுற்றியது. பெற்ற மகளே திரும்பிப் பார்க்காத பக்கத்தை ஊரில் எவன் பார்ப்பான்? இத்தனை வருடம் எழுதியதெல்லாம் வீண். நானும் பழையவன், என் தளமும் பழையது. அந்த வாரமே தலைக்கும் சாயம் அடித்துக்கொண்டேன்.

என் மனைவி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "மொதல்ல சைட்ட மாத்தணும்னீய. இப்போ தலைய மாத்தியாச்சு. அடுத்து என்னத்த மாத்தப் போறீய, என்னையா?"

"உன்னை எவன் மாத்துவான்" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மாடி வீட்டுக்காரரின் மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், நொய்டாவில் இணையதளங்களை வடிவமைக்கும் வேலை. மாமனார் வீட்டுக்கு வந்தவரை நான் படியிலேயே மடக்கினேன். என் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"சார், மேட்டரெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு. ஆனா இப்பெல்லாம் யாருங்க சார் இப்படி வெக்கறாங்க? நான் மாத்திக் குடுக்கறனுங்க."

மாற்றிக் கொடுத்தார். பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு வழியும் பின்னணி. விரலால் தள்ளத் தள்ளக் கட்டுரைகள் வண்ண அட்டைகளாக மிதந்து வந்தன. அவருக்குப் பிடித்த தமிழ் எழுத்துரு சில போன்களில் கொம்பும் காலும் உடைந்து தெரிந்ததால், "எல்லாத்தையும் படமாவே போட்டுறலாமுங்க சார், எந்த போன்லயும் ஒரே மாதிரி தெரியும்" என்றார். எழுத்தைப் படம் எடுத்துப் போடுவது எனக்கு மிக நவீனமாகப் பட்டது. தலையாட்டினேன்.

மகளிடம் ஓடினேன். "வாவ், பஹுத் படியா!" என்றாள். ரொம்பப் பிரமாதம் என்று அர்த்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"படிச்சியா?"

"எப்படிப்பா படிப்பேன்?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவளுக்கு எழுத்து தெரியாதுங்கது உங்களுக்கு இப்போதான் தெரியுதா? நல்ல அப்பா!"

சரி, மகள்தான் இல்லை, ஊராவது படிக்கட்டும் என்று தேற்றிக்கொண்டேன். அந்த வாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 'அங்கிள், உங்க சைட் ஊமையாயிடுச்சு.' யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் இன்னொன்று: 'சார், வாய்ஸ் வரலை, என்ன ஆச்சு?' பிறகு இன்னும் சில வந்தன. பார்வையாளர் எண்ணிக்கையும் இறங்கிக்கொண்டே போனது. என் தளம் எந்தக் காலத்திலும் பேசியதில்லை. பேசாத ஒன்று ஊமையாவது எப்படி? திருட்டுப் பயல்கள் உள்ளே புகுந்து ஏதோ செய்துவிட்டார்கள், என் பெயரில் வேறு எதையோ பேசவைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாளை அலுவலகத்துக்குப் புகார் போகும், ஓய்வூதியம் நிற்கும் என்று வரிசையாக முடிவு கட்டினேன். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். மாற்றியதில் ஒன்றை மறந்தும் போனேன்.

மாடி வீட்டு மாப்பிள்ளை பதறவில்லை. "மியூசிக் கேக்கறாங்களாட்ட இருக்குங்க சார். போட்டுறலாமுங்க."

பக்கம் திறந்ததும் தானாக நாதஸ்வரம் வாசிக்கும்படி செய்தார். அது சரியாக வருகிறதா என்று நான் அலுவலகத்தில் மதியம் திறந்து பார்த்தேன். வந்தது. தவிலோடு வந்தது. அடுத்த மேஜைக்காரர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "க்யா பையா, கிஸ்கி ஷாதி ஹை?" என்றார். யாருக்குக் கல்யாணம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் போனின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வந்த மின்னஞ்சல்: 'அங்கிள், இப்போ மேளம் மட்டும்தான் கேக்குது. நீங்க எங்கே போயிட்டீங்க?'

அதை மகளிடம் காட்டினேன். ஆங்கில எழுத்தாயிற்றே, அவளால் படிக்க முடியும். ஒவ்வொன்றாகப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, இவங்கல்லாம் என்னை மாதிரிதான். தமிழ் படிக்க வராது. போன்ல போட்டுக் கேக்காங்க."

"என்னத்தப் போட்டு?"

"அச்சா, இருங்க, காட்டுதேன். அத்தை தமிழ்ல மெசேஜ் அனுப்புவாங்கல்ல? நான் எப்படிப் பதில் போடுதேன்னு நினைச்சீங்க?"

என் புதிய பக்கத்தைத் திறந்தாள். நாதஸ்வரத்தை அடக்கினாள். வாசித்துக் காட்டச் சொல்லும் பொத்தானை அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: "படம். படம். மேலும். படம்."

அவ்வளவுதான் என் இலக்கியம்.

எழுத்தைப் படமாக்காத பழைய பக்கத்தின் நகல் என் கணினியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அதே பெண் இட்லி மாவுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து தங்குதடையில்லாமல் வாசிக்கத் தொடங்கினாள். மாவுப் பாத்திரத்தை ரஜாய்ப் போர்வையில் சுற்றி வைக்கச் சொன்னாள். பிறகு, என் மகள் மாவு பொங்கிவிட்டதா என்று அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்து அதைச் சாகடிப்பாள் என்றும் சொன்னாள்.

மகள் நிமிர்ந்தாள். "இது நான்தானே?"

"இல்லம்மா. அது வேற மக."

"வேற மகளா? எந்த ஊர்ல?" என்றபடி மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

நான் பேச்சை மாற்றினேன். "சரி, இப்படிக் கேக்கலாம்னா நீ ஏன் இத்தனை நாள் கேக்கல?"

"நீங்க கேட்டுப் பாருன்னு சொன்னீங்களா? எப்படி இருக்குன்னுதான் கேட்டீங்க."



பழைய தளம் திரும்பி வந்தது. மாடி வீட்டு மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவர் செய்ததில் இரண்டை விட்டுவைத்தோம்: எழுத்து முன்பைவிடப் பெரிதாக இருப்பது, தேடுவதற்கு ஒரு கட்டம். பெரிய எழுத்து மனைவிக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடி இல்லாமலே என் பிழைகளைக் கண்டுபிடிக்கிறாள். சிவப்புப் பட்டையையும் எடுத்தாயிற்று. அந்தப் பெண் ஒவ்வொரு கட்டுரைக்கு முன்னாலும் "புதிது" என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருந்தது. மின்னஞ்சல்கள் நின்றன. தலைச் சாயம் தானாகக் கரைந்தது.

மகள் இப்போது குர்காவ்ன் போகும் மெட்ரோவில் கேட்கிறாள், கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு. ஐஎன்ஏவில் ஏறியதும் போடுவாள். மூன்றாவது ஸ்டேஷனான ஹவுஸ் காஸில் அவள் தோழி ஏறுவாள், உடனே நிறுத்திவிடுவாள். என் கட்டுரைகளில் எதற்குமே முடிவு என்னவென்று அவளுக்கு இதுவரை தெரியாது.