கார்ப்பெட் வேர்க்குது, சார்!

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் சேதமடைந்தால், அதற்குக் காரணமானவர் தாமதமின்றி, எழுத்து மூலம், உரிய மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

முப்பத்து மூன்று வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியிருக்கிறேன். இந்த விதியைக் கடைப்பிடித்த ஒருவரையும் பார்த்ததில்லை... என்னையும் சேர்த்துத்தான். நாற்காலியின் கால் உடைந்தால், ‘கால் உடைந்த நிலையில் காணப்பட்டது’ என்று எழுதுவோம். ஜீப் புளியமரத்தில் மோதினால், மரம் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும்.

விதியைக் கடைப்பிடித்த முதல் ஆளை இந்த மழைக்காலத்தில்தான் சந்தித்தேன். அவள் அரசு ஊழியர் அல்ல. பெயர் அஞ்சலை.

அவளுடைய அப்பா எங்கள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர். அவருக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்ததில் இருந்து அந்தக் குடும்பத்துக்கு நான் ‘தாசில்தார் சார்’. ரிடையர் ஆனது துணை தாசில்தாராக. திருத்துவதில்லை. அஞ்சலையைக் கட்டிக் கொடுத்தது இடையஞ்சாவடியில். ஆரோவில்லில் ஒரு பிரெஞ்சு அம்மாள் வீட்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். அந்த அம்மாளை அவள் ‘மதாம்’ என்பாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஐப்பசியில் மதாமின் தாயாருக்கு உடம்பு முடியாமல் போய், அவர் அவசரமாக ஊருக்குக் கிளம்பினார். போகும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தார்? பக்கத்து வீட்டில் அவர் நாட்டுக்காரரே இருக்கிறார். ஆனால் சாவி அஞ்சலையின் கைக்கு வந்தது. இடையஞ்சாவடியில் அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது என்று கேள்வி.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் வெளுத்து வந்து நின்றாள்.

“சார், ஒரு லெட்டர் எழுதணும். மதாமுக்கு. இங்கிலீஷ்ல.”

“போன் பண்ணிடேன்மா.”

“அவங்க அம்மா வீடு ஏதோ மலை கிராமமாம் சார். அட்ரஸ் மட்டும்தான் குடுத்துட்டுப் போனாங்க.”

“என்ன விஷயம்?”

“கார்ப்பெட்ல டீ கொட்டிட்டேன்.”

“துடைக்கும்போது கை தவறிடுச்சா?”

“இல்ல சார். அது மேல உக்காந்து குடிச்சேன்.”

நடந்தது இதுதான். நல்ல மழை. வேலை முடிந்துவிட்டது. வெளியே போக முடியாது. இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ போட்டிருக்கிறாள். ஆறு வருடமாகப் பெருக்கிய கம்பளி கார்ப்பெட்... வெளிர் நிறம், ஜன்னல் ஓரமாக விரித்தது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, அதில் காலை நீட்டி உட்கார்ந்து மழையைப் பார்த்திருக்கிறாள். இடி இடித்தது. டம்ளர் கவிழ்ந்தது.

“அதுல உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களா?”

“சொல்லல சார். உக்காருன்னும் சொல்லல.”

யோசித்துப் பாருங்கள். தடை உத்தரவு இல்லை, அனுமதியும் இல்லை — நாட்டில் பாதிப் பேர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்க்கையை ஓட்டுகிறார்கள்.

“இதுக்குப் போய் வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?”

“வேலை வேற எங்கனா கிடைச்சிடும் சார். சாவி கிடைக்குமா?”

எனக்குப் புரிந்தது. பேனாவை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் டிராஃப்ட் தயார். தமிழில் படித்துக் காட்டினேன்: “தங்கள் இல்லத்தின் வரவேற்பறையில் உள்ள கம்பளத்தின் ஒரு பகுதியில், தவிர்க்க இயலாத காரணங்களால், கறை ஏற்பட்டுள்ளமை கவனத்துக்கு வந்துள்ளது...”

அஞ்சலை கவனமாகக் கேட்டாள். “யாரு கொட்டினதுன்னு இதுல எங்க சார் வருது?”

“வராது. அதுதாம்மா இதுல இருக்கிற வித்தை.”

“அப்ப யாரோ வீட்டுக்குள்ள வந்து கொட்டிட்டுப் போன மாதிரி இல்ல இருக்குது? நான் கொட்டினேன்னு எழுதுங்க சார்.”

எனக்குக் கோபம் வந்தது. பதினேழு-பி குற்றச்சாட்டு மெமோ வாங்கிய எத்தனை பேரை இந்த மாதிரி வாக்கியத்தால் காப்பாற்றியிருக்கிறேன்! ஆனாலும் ஒரு யோசனை தோன்றியது. கறையே போய்விட்டால்? கடிதமே தேவையில்லையே? பொருள் இல்லையென்றால் பைலை மூடிவிட வேண்டியதுதான்.

கடையில் ஏதாவது மருந்து வாங்கிப் போடலாம் என்றால் முடியாது. மதாம் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம். எலுமிச்சம்பழம், வினிகர் பாட்டில், உப்பு, சமையல் சோடா — இவற்றை எல்லாம் வரைந்து பக்கத்தில் ‘டிக்’. கடைப் பாட்டில் ஒன்றை வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி. வீட்டுக்குள் கெமிக்கல் கூடாது.

அது எனக்குச் சவாலாகவே தெரியவில்லை. பத்திரிகைகளில் வரும் வீட்டுக் குறிப்புகளை வெட்டி, பொருளடக்கத்தோடு பைல் போட்டு வைத்திருக்கிறேன். ‘கம்பளம் — கறை நீக்கல்.’ வினிகரில் தண்ணீர் கலந்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு உப்பைத் தூவினால் கறையை உறிஞ்சிக்கொள்ளும். சில குறிப்புகள் வினிகரையும் சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொல்கின்றன. செய்யாதீர்கள். புளிப்பும் காரமும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிடும், மிஞ்சுவது நுரைதான். நுரையைப் பார்த்தால் வேலை மும்முரமாக நடப்பதுபோல் இருக்கும். சில அலுவலகங்களும் அப்படித்தான்.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். கையில் இரண்டு கிலோ உப்பு. சாதாரண உப்பா? எங்கள் ஊர் அளத்தில் வாரிய உப்பு, தெரிந்தவர் குவியலில் இருந்து அள்ளிக் கொடுத்தது. மரக்காணத்துக்காரன் பாக்கெட் உப்போடு போய் நிற்பதா?

பையைத் திறந்ததும் அஞ்சலை ஒரு கல்லை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“சார், இது இந்த வருஷத்து உப்பாச்சே. நீர் விடுமே?”

“பைல்ல உப்புன்னுதான் போட்டிருக்கு. எந்த வருஷத்து உப்புன்னு போடலை.”

உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் இப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு வினிகர் தண்ணீரால் ஒற்றினேன். கறை கொஞ்சம் வெளுத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓர் இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் மாட்டிக்கொள்வோமே? ஆகவே கார்ப்பெட் முழுக்கச் சமமாக வினிகர் தண்ணீர் தெளித்து, முழுக்கச் சமமாக உப்புத் தூவி, ஒரு மணி நேரம் கழித்துப் பெருக்கச் சொல்லிவிட்டு, வெற்றிகரமாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன்.

“சார், கார்ப்பெட் வேர்க்குது.”

“என்னது?”

“வேர்க்குது சார். காலைல காஞ்ச மாதிரி இருந்துச்சு. கடல்காத்து வந்ததும் ஈரமாயிடுச்சு. கைய வெச்சா பிசுபிசுங்குது.”

மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அளத்தில் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். புது உப்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் வா வா என்று கூப்பிட்டுக் குடிக்கும். குவியலாக வைத்து வடியவிட்டால்தான் குறையும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பைலுக்குத் தெரியாது. பெருக்கியது போக மிச்சமெல்லாம் கரைந்து கம்பளிக்குள் இறங்கிவிட்டது. ஓரிடத்தில் இருந்த டீக் கறைக்குப் பதிலாக, இப்போது கார்ப்பெட் முழுவதுமே நோயாளி. அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும்.

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்: “என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உனக்கு கார்ப்பெட்டைப் பத்தி என்ன தெரியும்?”

“கார்ப்பெட்டைத் தெரியாது. கம்பளி ஆட்டு முடிதானே? பட்டுப்புடவையை எதுல அலசறேன்? பூந்திக்கொட்டையை ஊற வெச்சு, நல்ல தண்ணியில நிறைய அலசுங்க. நல்ல தண்ணியில... நம்ம ஊர்த் தண்ணியில இல்ல.”

எங்கள் ஊர் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் இன்னும் கொஞ்சம் உப்புதான் ஏறும். நல்ல தண்ணீர் நிறைய வேண்டும் என்றால் பம்புசெட்தான். அஞ்சலை வீட்டுக்காரரின் பெரியப்பா கோதண்டம் வானூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறார். மழை இரண்டு நாள் விட்ட சமயம் பார்த்து, கார்ப்பெட்டைச் சுருட்டிக் கட்டி அங்கே கொண்டு போனோம். என் மனைவி ஒரு தூக்குவாளி நிறையப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

தொட்டிச் சுவரில் கார்ப்பெட்டை விரித்ததைக் கோதண்டம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா அஞ்சல, எருமைய குளிப்பாட்டினா பாலுனா குடுக்கும். இது என்னா குடுக்கும்?”

“மாமா, சும்மா இருங்க. மோட்டாரப் போடுங்க.”

“போடறேன், போடறேன். தாசில்தார் ஐயா, எங்க பட்டாவுக்கு இவ்ளோ அக்கறையா வந்து நின்னிருப்பீங்களா?”

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். சில கேள்விகளுக்கு அதுதான் பதில்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுத்தோம். கம்பளி தண்ணீர் குடித்ததும் யானைக்குட்டி கனம். குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம் விழ, மறுபக்கம் வடிவதை அஞ்சலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“கரிக்குது.”

மறுபடி அலசினோம். மறுபடி நாக்கு.

“இன்னும் கரிக்குது.”

கோதண்டமும் ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு, “எனக்குக் கரிக்கல” என்றார்.

“நீங்க வெத்தல போட்ட வாயி மாமா. உங்களுக்கு என்னா தெரியும்?”

அப்பா அளத்தில் தண்ணீர் பதத்தை நாக்கில் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அவள் சொன்னதே தீர்ப்பு. கரண்ட் போகப் போகிற நேரத்தில், ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, விரலை வாயில் இருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். “இப்ப கரிக்கல சார்.”

களத்தில் புரட்டிப் புரட்டி இரண்டு நாள் வெயில். மூன்றாவது நாள் அதே ஜன்னல் ஓரத்தில் கார்ப்பெட்டை விரித்தாள். டீக் கறை? இருந்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. சாயங்காலம் கடல்காற்று வரும்வரை காத்திருந்து கையை வைத்துப் பார்த்தோம். வேர்க்கவில்லை.

“முடிஞ்சுது! இனி லெட்டர் வேண்டாம்” என்றேன்.

“இல்ல சார். எழுதணும்.”

“எதைம்மா எழுதறது? கறையே இல்லையே?”

“மதாம் வந்து பாப்பாங்க. ‘அஞ்சலை, கார்ப்பெட்டை எவ்ளோ நல்லா வெச்சிருக்கே’ன்னு சொல்லுவாங்க. அப்ப நான் மூஞ்சிய எங்க சார் வெச்சிக்கிறது?”

முப்பத்து மூன்று வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாரும் மூஞ்சியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை கூட்டாமல், எளிய இங்கிலீஷில்: நான் உங்கள் கார்ப்பெட்டில் உட்கார்ந்தேன். நீங்கள் உட்காரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீயை நான்தான் கொட்டினேன். சாவி வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியில் நான் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: “உப்பைப் போட்டவன் நான். நீர் விடும் என்று அஞ்சலை முன்பே சொன்னாள்.” கீழே கையெழுத்துப் போட்டேன். ‘போடப்பட்டது’ என்று எழுதப் போன கையை நிறுத்துவதற்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.

கார்த்திகை முதல் திங்கள்கிழமை தபாலில் சேர்த்தோம். ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம்... பதில் இல்லை. அஞ்சலை தினமும் போய்ப் பெருக்கினாள், துடைத்தாள், பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகுவதை விட்டுவிட்டாள். திரும்பக் கேட்டால் உடனே கொடுக்க வேண்டும் என்று ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள்.

“ஒரு ரிமைண்டர் போடட்டுமா?”

“வேணாம் சார். படிச்சிட்டுதான் யோசிக்கிறாங்களோ என்னவோ.”

பதில் அஞ்சலையின் பெயருக்குத்தான் வந்தது. பிரிக்காமல் பஸ் ஏறி என்னிடம் கொண்டு வந்தாள். நான் படிக்க, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உட்காரும்மா” என்று என் மனைவி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

தாயார் தவறிவிட்டாராம். அதனால்தான் தாமதமாம். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட உட்காரச் சொல்லாதது தன் தவறு என்று எழுதியிருந்தார். மாசியில் வருகிறாராம், அதுவரை சாவி அஞ்சலையிடமே இருக்க வேண்டும், வந்த பிறகும். உப்புப் போட்ட பெரியவர் இனிமேல் உப்பைச் சாப்பாட்டில் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். (என் மனைவி இந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.) கடைசியாக ஒரு கேள்வி: எல்லாம் எழுதினாய், இதை எழுதவில்லையே... அந்த டீயைக் கொஞ்சமாவது குடித்தாயா, முழுவதும் கொட்டிப்போயிற்றா?

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“பாதி குடிச்சேன் சார். எழுதிடுங்க.”

அன்று தேதி கேட்கிறீர்களா? போகிக்கு முதல் நாள். மறுநாள் கொளுத்த, என் வீட்டுக் குறிப்பு பைல் தயாராக இருந்தது.