சிவப்பு நூல் சுற்றிய கரண்டி

கட்டிங் மாஸ்டர் அந்தத் தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் 2005 ஜூன் 6, திங்கட்கிழமை. அப்போது வயது இருபத்தெட்டு. நாற்பது மடிப்புத் துணியை ஒரே போக்கில் பிசிறின்றி வெட்டுவார். விடுப்பு எடுப்பது அரிது. நிலக்கடலை அவருக்கு ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இறுகும். இந்தக் கடைசிச் செய்தி மட்டும் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். "கடலைக்குப் பயந்த ஆம்பளையா நீ?" என்று அங்கிருந்த மேஸ்திரி சிரித்த சிரிப்பு காதிலேயே தங்கிவிட்டது. ஆகவே இங்கே சாப்பாட்டு மணி அடித்ததும் ஏதாவது ஒரு சாக்கு. "காலையில லேட்டா சாப்பிட்டேன்." "வயிறு மந்தமா இருக்கு." "இந்த மடிப்பை முடிச்சிட்டு வரேன்." சமையல் அக்கா எந்தக் காயை இறக்கினாலும் மேலே வறுத்த கடலைப்பொடி தூவுவார். மாஸ்டர் வெட்டுமேசைக்குப் பின்னால் நின்றபடியே வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை மென்று முடிப்பார். "நம்ம சோறெல்லாம் மாஸ்டருக்கு இறங்காதும்மா" என்று சொல்லி அக்கா பாத்திரத்தை ணங்கென்று வைப்பது அங்கே வரை கேட்கும்.

2024 மார்ச் 4 அன்று, பட்டன் வைக்கும் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். முதல் நாளே தட்டுடன் போய் நின்றாள். "அக்கா, எனக்கு நிலக்கடலை ஆகாது. அது பட்ட கரண்டியும் வேணாம். மத்தபடி எதைப் போட்டாலும் காலி பண்ணிடுவேன்."

மாஸ்டர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சிரிப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"மொதல்லயே சொன்னியே, நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. மறுநாள் பொடி தூவுமுன்பே ஒரு பங்கு சிறு பாத்திரத்தில் தனியாக மூடி வைக்கப்பட்டது. அதற்கென்று ஒரு கரண்டி. அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல்.

அந்த நூல் மாஸ்டரின் கண்ணை உறுத்தியது. "சாப்டியாம்மா?" என்று ஒரே மதியத்தில் அவளை ஐந்து பேர் கேட்டார்கள், எண்ணினார். வந்து மூன்று வாரம் ஆகவில்லை, அதற்குள் தனிப் பாத்திரம், தனி மூடி! வீட்டுக்குப் போயும் பொருமினார்.

"நீங்களும் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"இப்பப் போய்ச் சொன்னா, அவளைப் பாத்துக் காப்பியடிக்கிறேன்னு நினைப்பாங்க."

மார்ச் 27, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. சமையலறையில் யாரும் இல்லை. மாஸ்டர் சிறு பாத்திரத்தைத் திறந்து, சிவப்பு நூல் கரண்டியால் தட்டில் அள்ளினார். இரண்டாவது கரண்டியின்போது அக்கா உள்ளே நுழைந்தார்.

"அது அந்தப் பொண்ணோட கரண்டி! கீழ வைங்க மாஸ்டர்! என் சோத்தைத்தான் தொடமாட்டீங்க, அவ ஒருத்தியோட பங்குதானா உங்க கண்ணுல பட்டுது?"

சத்தம் கேட்டுக் கூடமே வாசலில் கூடியது. அந்தப் பெண்ணும் நின்றாள்.

"எனக்கும் ஆகாது அக்கா."

"எது?"

"கடலை. அவளுக்கு முன்னாடியே ஆகாது."

அக்கா கவிழ்த்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "பதினெட்டு வருஷமா என் கைப்பக்குவம் உங்களுக்குப் பிடிக்கலைன்னு மனசுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தேனே, பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நாளையிலிருந்து ரெண்டு பங்கா எடுத்து வைங்கக்கா" என்றாள் பெண். "கரண்டி ஒண்ணே போதும்."

"எனக்குத் தனியா வேணும்" என்றார் மாஸ்டர், சட்டென்று.

கூடம் குலுங்கிச் சிரித்தது. மாஸ்டர் நிமிரவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா வெட்டுமேசையிலிருந்து நீல நூல் கேட்டு வாங்கிப் போனார். மதியம் கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு கரண்டிகளையும் ஆளில்லாத நேரத்தில் மாஸ்டர் எடுத்துப் பார்த்தார். சிவப்பு ஏழு சுற்று. நீலம் ஒன்பது.