செவ்வந்தி தொங்கவிட்ட இரண்டு விளக்குகள்

குடவாசல் கடைத்தெருவில் உரக்கடைக்கும் அல்லா பிச்சையின் டீக்கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு மீன் கடை இருக்கிறது. குழம்புக்கு மீன் கிடைக்கும் என்று பையோடு வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அவர்களையும் செவ்வந்தி வெறுங்கையோடு விடமாட்டாள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் ஒரு ஃபைட்டர் மீனையும் தலையில் கட்டி, எத்தனை வேளை தீனி போட வேண்டும் என்று பாடமும் எடுத்துத்தான் அனுப்புவாள். வாய் அப்படி. அந்த வாயை நம்பித்தான் கடையே ஓடியது என்று சொன்னாலும் தப்பில்லை.

கும்பகோணத்துப் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். வாத்தியார் வேலைக்கான பரீட்சையை மூன்று தடவை எழுதினாள்; மூன்று தடவையும் வேலை அவளைக் கண்டு ஒதுங்கிக்கொண்டது. போகட்டும் என்று கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன் விட்டாள். அது பெருகிய வேகத்தில் கடை வந்தது. வயரிங் வேலை செய்யும் கணவன் இராஜாங்கம் மோட்டாரும் விளக்கும் மாட்டிக் கொடுக்க, சுற்றுவட்டாரத்து டாக்டர்களின் வரவேற்பறைகளில் அவளுடைய தொட்டிகள் உட்கார்ந்தன. எல்லாம் நல்ல தண்ணீர்த் தொட்டிகள். கடல் தண்ணீர்த் தொட்டி, அதிலும் பவளம் வளர்கிற தொட்டி செய்ய வேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. கேட்கத்தான் ஆள் வரவில்லை.

வந்தார் ஒருவர். 2015ஆம் வருடம் மாசி மாதம், வயலெல்லாம் உளுந்து பச்சை கட்டியிருந்த நேரம். வந்தவர் துரைக்கண்ணு.

இந்தப் பெயரைக் கேட்டால் செவ்வந்தியின் வீட்டில் சோறு இறங்காது. அவளுடைய அப்பா முருகையன் கூலி ஆளாக இருந்து குத்தகைக்காரராக உயர்ந்தவர். மிராசுதார் துரைக்கண்ணுவின் ஒன்பது மா நிலத்தைப் பயிர் செய்தவர் அவர்தான். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி முருகையன் மனுப் போட்டபோது, துரைக்கண்ணு கோர்ட்டில் நின்று, அந்த நிலத்தைத் தானே சொந்தச் சாகுபடி செய்வதாகச் சத்தியம் பண்ணிவிட்டார். அதன்பிறகு பதினொரு வருடம் வாய்தா. கடைசியில் இரண்டு பேரும் அலுத்துப்போய் ராஜியானார்கள். ஐந்து மா முருகையனுக்கு, நான்கு மா துரைக்கண்ணுவுக்கு. நிலம் பிரிந்தது, பேச்சும் அன்றோடு நின்றது. கால் நூற்றாண்டாக இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினால்கூட ஒருவர் முன்படியிலும் மற்றவர் பின்படியிலும்தான் ஏறுவார்கள்.

துரைக்கண்ணு சிங்கப்பூரில் மகன் வீட்டில் பவளத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி தன் கூடத்தில் ஒன்று வேண்டுமாம். சென்னையிலிருந்து ஆள் வருவான்தான், ஆனால் வாரா வாரம் யார் பார்த்துக்கொள்வது என்றார். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதே செவ்வந்திக்கு முதல் சிக்கல். ஐயா என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும். சார் என்றாள். அது யாருக்கும் வலிக்காத வார்த்தை.

தொட்டியின் அளவு பேசினார்கள். கல் பவளத்தைத் தொட்டால் வனத்துறை வரும் என்பதால், வெளியூர்ப் பண்ணையில் வளர்த்து பில்லோடு வருகிற மென்பவளம்தான் என்று முடிவானது. பொத்தான் பொத்தானாக விரியுமே, அந்த வகை. கூடவே இரண்டு கோமாளி மீன். எல்லாம் சுமுகமாகப் போனது, விளக்கு வரும் வரை.

பவளத் தொட்டியில் விளக்கு என்பது அழகுக்கு இல்லை. அந்த உயிரின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதுதான் பவளத்துக்குச் சாப்பாடு. விளக்கு சரியில்லை என்றால் பட்டினி. ஆறாயிரம் ரூபாய்க்குச் சீனப் பெட்டி விளக்கு கிடைத்தது. நாற்பத்தெட்டாயிரத்துக்கு ஜெர்மன் விளக்கும் கிடைத்தது. அதில் விடியலும் அந்தியும் மேகமூட்டமும்கூடப் போனிலிருந்தே வரவழைக்கலாம். துரைக்கண்ணுவின் கண் ஆறாயிரத்தில் நின்றது. செவ்வந்தி இரண்டு நாள் அவகாசம் கேட்டாள்.

பக்கத்துக் கடையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அல்லா பிச்சை, துரைக்கண்ணு போனதும் டீயோடு வந்தார்.

"பாத்து செய் புள்ள. மலிவு விளக்கப் போட்டு அது செத்துச்சுன்னு வையி, அப்பனுக்காகப் பழி தீத்துட்டாள்னு ஊரு சொல்லும். பெரிய விளக்க மாட்டிவுட்டீன்னா கொள்ளையடிச்சிட்டாள்னு சொல்லும்."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"டீயக் குடி."

வீட்டில் முருகையனுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மிராசுக்குப் பெரிய விளக்குதான், முடிந்தால் இரண்டாகப் போடு என்றார். பதினொரு வருடம் கோர்ட்டுக்காகத் தஞ்சாவூருக்கு அலைந்த பஸ் செலவாவது தேறட்டுமே என்பது அவர் கட்சி. செவ்வந்திக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பதினைந்து வருடமாக வாயாலும் உழைப்பாலும் சேர்த்த பெயர் அவளுடையது. டாக்டர்கள் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போவார்கள். பழி தீர்த்தவள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தச் சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விடும்.

இரண்டாவது நாள் பஸ்ஸில் போகும்போது வழி கிடைத்தது. ரோட்டோரத்து வயலில் வேளாண்மைத் துறை நட்ட பலகை. செயல்விளக்கத் திடல். பாதி வயலில் பழைய ரகம், பாதி வயலில் புது ரகம். போகிறவர் வருகிறவர் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் துரைக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள். தொட்டியை நடுவில் ஓட்டை போட்ட கறுப்புப் பலகையால் பிரிக்கலாம் என்றாள். தண்ணீர் ஒன்று, விளக்கு இரண்டு. இடது பக்கம் ஆறாயிரம், வலது பக்கம் நாற்பத்தெட்டாயிரம். தெரிந்த கடைக்காரர் ஒருவர் பெரிய விளக்கை ஒரு மாதத்துக்குப் பார்க்கக் கொடுப்பார். மாத முடிவில் உங்கள் கண்ணே சொல்லட்டும் என்றாள். துரைக்கண்ணுவுக்கு இது பிடித்துப்போனது. ஒரு மாதத்துக்குப் பெரிய விளக்கு சும்மா வருகிறது என்பது கூடுதலாகப் பிடித்தது.

தரங்கம்பாடியிலிருந்து படகுக்கார நீலமேகம் கேன் கேனாகக் கடல் தண்ணீர் அனுப்பினார். இராஜாங்கம் விளக்குகளை அளவு பிடித்துத் தொங்கவிட்டான். தண்ணீர் சூடாகாமல் இருக்க, அரசாங்கம் கொடுத்த விலையில்லா மின்விசிறியைத் தொட்டியின் தலைமாட்டில் வைத்தார்கள். மிராசுதார் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக்கு ஆறாகப் பவளத்தை வைத்தார்கள். ஊரே வந்து பார்த்தது.

ஐந்தாம் நாள் வலது பக்கம் வெளுக்கத் தொடங்கியது. மலிவு விளக்கின் கீழ் ஆறும் பொத்தான் பொத்தானாகச் சிரித்துக்கொண்டிருக்க, ராஜ விளக்கின் கீழ் ஆறும் சுருங்கி, சாயம் போன துணியாகக் கிடந்தன. செவ்வந்திக்கு நிமிடத்தில் புரிந்தது. தப்பு அவளுடையது. பயணத்தில் இருட்டுப் பெட்டியில் கிடந்த உயிரை எடுத்து, முதல் நாளே முழு வெளிச்சத்தில் நிறுத்திவிட்டாள். கால் பங்கில் தொடங்கி வாரா வாரம் ஏற்றியிருக்க வேண்டும். பெரிய விளக்கின் பவிசைக் காட்டும் அவசரம். மழுப்பாமல் துரைக்கண்ணுவிடம் சொல்லிவிட்டாள். விளக்கைக் கால் பங்குக்கு இறக்கினாள், மெல்லத் தேறிவிடும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். நடவு நட்டதும் பயிர் பழுத்து, அப்புறம்தானே பச்சை பிடிக்கிறது என்று அவரே ஆறுதலும் சொன்னார்.

அன்று வீட்டில் இன்னொன்றும் சொன்னாள். இந்த வகைக்குச் சின்ன விளக்கே போதும் போலிருக்கிறது, அதையே சொல்லிவிடப் போகிறேன் என்றாள். முருகையன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மூன்று நாள் கழித்து அவள் போனபோது தொட்டி குளமாகியிருந்தது. தண்ணீர் பச்சைப் பசேல் என்று கிடந்தது. பன்னிரண்டு பவளமும் இறுக மூடிக்கொண்டிருந்தன. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சோதனைக் குப்பியில் தண்ணீரை எடுத்துப் பார்த்தால் அம்மோனியா உச்சத்தில் நின்றது. இரண்டு மீன், பன்னிரண்டு பவளம் உள்ள தொட்டியில் இத்தனை அம்மோனியா வருவதற்கு வழியே இல்லை. எதையாவது போட்டீர்களா என்று கேட்டாள். துரைக்கண்ணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நான் எதுவும் போடவில்லையே என்றார்.

அதற்கு மேல் அவள் எப்படிக் கேட்பது? நீலமேகத்துக்குப் போன் போட்டு வண்டி வரவழைத்து, இராஜாங்கத்தோடு சேர்ந்து முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றினாள். மீன்கள் கீழே இறங்கின. பவளம் திறக்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஊருக்குச் சொல்வதில் தயக்கம் ஏது? மறுநாள் காலையிலேயே டீக்கடைப் பெஞ்சில் பேச்சு வந்துவிட்டது. வலது பக்கம் வெளுத்தது தன் தப்பு என்று அவளே ஒப்புக்கொண்டாளாம், இப்போது மொத்தமும் போச்சாம், முருகையன் மகள் காரியத்தை முடித்துவிட்டாளாம். மதியம் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து, அடுத்த வாரம் நாங்களே தொட்டியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சாவியைக் கேட்டு வாங்கிப் போனான். செவ்வந்தி கடைக்குள் திரும்பி நின்று அழுதாள். இத்தனை நாள் பேசிய வாய்க்கு அன்று ஒரு சொல் அகப்படவில்லை.

செய்தி கேட்ட முருகையன் வயலிலிருந்து அப்படியே புழுதிக் காலோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். மிராசு வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்கப் புறப்பட்டவரை, இதோடு விடுங்கப்பா என்று மகள் பிடித்து உட்கார வைத்திருந்தாள். டீக்கடையில் கூட்டம் இருந்தது. அப்போதுதான் துரைக்கண்ணு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

முருகையனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு கடைக்குள் போகாமல், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து நின்றார்.

"அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. வெளுத்துக் கெடக்கேன்னு நான்தான் யூரியா போட்டேன். தோட்டத்துக்கு வாங்கினது கெடந்துச்சு. ஒரு கைப்பிடி."

செவ்வந்தி வாசலுக்கு வந்துவிட்டாள். தொட்டிக்குள் யூரியாவா? நேற்றுக் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தாள். அதற்குள் முருகையன் எழுந்துவிட்டார். இருபத்தைந்து வருடம் கழித்து அவர் துரைக்கண்ணுவிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"தண்ணியோடயா போட்டீங்க?"

"ஆமா. தண்ணியிலதான்."

"தண்ணிய வடிச்சு, சேறு தெரிஞ்சாத்தான் யூரியா விசிறணும். வரப்புல மாடு மேய்க்கிற புள்ளைக்கும் தெரியும். இதுகூடத் தெரியாமதான் ஒம்போது மாவும் சொந்தச் சாகுபடின்னு கோர்ட்டுல சொன்னீங்களா?"

பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். அல்லா பிச்சை ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டார். துரைக்கண்ணுவின் முகம் சிவந்தது. திட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவருடைய உதடு ஓரத்தில் கோணியது, தோள் குலுங்கியது, அவர் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வர, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பார்த்தவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்க சாகுபடி பண்ணினேன் முருகையா. பண்ணினது பூரா நீதான்."

பதினொரு வருடம், எத்தனையோ வாய்தா, இரண்டு வக்கீல்கள். அத்தனைக்கும் வராத வார்த்தை அது. முருகையன் வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அப்பா கோர்ட்டிலிருந்து பசியோடு திரும்பிவந்த சாயங்காலங்களை எல்லாம் செவ்வந்தி பார்த்தவள். அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை அதை யாரிடமும் மறைக்கவில்லை.

அல்லா பிச்சை யாரையும் கேட்காமல் இரண்டு டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். காலையில் இடது பக்கம் இரண்டு பவளம் திறந்திருப்பதாகத் துரைக்கண்ணு சொன்னார். செவ்வந்தி கண்ணைத் துடைத்தபடியே, சரியாக எது எது என்று விசாரித்தாள். பிறகு அவர், இனி விளக்கு விஷயத்தில் அவள் சொல்வதுதான் முடிவு என்றார். பெரிய விளக்கென்றால் பெரிய விளக்கு, பணம் இன்றைக்கே தருகிறேன் என்றார்.

செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள். முருகையன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சின்ன விளக்கே போதும்னு எம் பொண்ணு சொல்லுது. அதையே போட்டுக்கங்க. நல்லா வரும்."