டீ மேசைக்குப் பக்கத்துச் சுவர்

மைக் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்தது ஒன்றும் பெரிய கதையில்லை. மாவட்ட சுகாதாரத் துறை அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நாற்காலி போடுவது, பேனர் கட்டுவது, டீ வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கடைசியாக மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்பார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மைக்கில் அவரளவுக்குப் பேசியவர்கள் யாருமில்லை. ஆனால் ஹலோவைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அதற்குள் யாராவது ஓர் அதிகாரி வந்து மைக்கை வாங்கிக்கொள்வார்.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். மனைவி அவரை 'சுகாதாரத் துறை' என்றுதான் கூப்பிடுவாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளறையிலிருந்து குரல் வரும். "என்ன சுகாதாரத் துறை, இன்னைக்கு எத்தனை உயிரைக் காப்பாத்துனீங்க?"

"நாற்காலி துடைச்சேன்."

"அதுவும் ஒரு சேவைதான். வந்து இந்தத் தலையணையைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

அவள் துணிக்கடையில் வேலை பார்த்தவள். உட்காரக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த கடை. வேலை பார்த்த காலம் முழுக்க நின்றே கழித்தாள். கடையை விட்டு ஓய்வாக உட்காரலாம் என்று வீட்டுக்கு வந்த வருடமே பக்கவாதம் வந்து இடது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. நாக்கு மட்டும் எப்படியோ தப்பித்தது. "அதை நோய்கூடத் தொடப் பயந்துடுச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். படுத்தே கிடந்ததில் இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்தது. முதலில் சிவப்பாக ஒரு தடம், பிறகு குழி. ஒரே மகள் தூரத்து ஊரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தினமும் போனில் அழுவாள், அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்?

அந்தப் புண்ணைப் பார்க்க மைக் அண்ணனுக்குத் தைரியம் கிடையாது. சுகாதாரத் துறையில் இத்தனை வருடம் இருந்தும் ரத்தத்தைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். ஒரு விடுமுறை நாளில், வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் வர முடியாமல் போக, வேறு வழியில்லாமல் அவரே உட்கார்ந்தார். கை உதறியது. ஒட்டியிருந்த துணியைப் பாதி இழுத்து பாதியில் நிறுத்தி, மறுபடி இழுத்து, அவளைப் படாத பாடு படுத்திவிட்டார். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல" என்று சொன்னதுதான் அவரைக் கொன்றது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஸ்கூட்டரில் வரும் நர்சம்மாதான் அந்த வீட்டுக்குத் தெய்வம். துறையின் வீட்டு மருத்துவச் சேவைக்கு ஊர் முழுவதற்கும் இருந்ததே இரண்டு நர்சுகள், அவர்களில் மூத்தவர் இவர். நர்சம்மாவின் வித்தை கையில் பாதி, பேச்சில் பாதி. கட்டைப் பிரிக்கும்போதே, "அக்கா, முப்பது சட்டையைப் பிரிச்சுப் போடச் சொன்னானே ஒரு ஆளு, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். துணிக்கடைக் கதை என்றால் அவளுக்குச் சொல்லவா வேண்டும்! நீலம் காட்டச் சொன்னான், கோடு போட்டது காட்டச் சொன்னான், மேல் தட்டில் இருப்பதை எடுக்கச் சொன்னான் என்று கதை ஏறிக்கொண்டே போகும். "கடைசியில எல்லாத்தையும் பாத்துட்டு ஒரு கர்ச்சீப் வாங்கிட்டுப் போனான்!" என்று அவள் சிரிக்கிற அந்த நொடியில் நர்சம்மா ஒட்டிய துணியைச் சட்டென்று எடுத்துவிடுவார். சிரிப்புக்கு நடுவே ஓர் 'அம்மா' வரும், அவ்வளவுதான். புண் மெதுவாக ஆறிக்கொண்டு வந்தது. குழி மேடேறுகிறது, நாலைந்து மாதம் விடாமல் பார்த்தால் மூடிவிடும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வருடாந்திர மக்கள் கூட்டம் வந்தது. அடுத்த ஆண்டு துறை எதற்கு முன்னுரிமை தருவது என்று மக்களே சொல்லும் கூட்டம். சுவர் நெடுகப் பெரிய அட்டைகள் தொங்கும். சர்க்கரை நோய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கொசு ஒழிப்பு, மனநலம், புகைப்பழக்கம், வீட்டு மருத்துவம் என்று அட்டைக்கு ஒன்று. வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு ஸ்டிக்கர். எது முக்கியமோ அதில் ஒட்டலாம். அதிகம் ஒட்டியது முதலிடம். கடைசியில் நிற்பதை அடுத்த ஆண்டு கைவிட்டுவிடுவார்கள். போன வருடம் பல் முகாம் அப்படித்தான் போயிற்று.

"இந்த வருஷம் வீட்டு மருத்துவம் போயிடும்னு நினைக்கிறேன். போன தடவையே கடைசிக்கு முன்னாடி நின்னுச்சு" என்று சுகாதார அதிகாரி கணக்காளரிடம் சொன்னது, பக்கத்தில் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்த மைக் அண்ணன் காதில் விழுந்தது. அந்த அதிகாரியம்மா கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடுகிற, எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிற பாவப்பட்ட ஜென்மம்.

அன்று வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

"நடக்க முடியாதவங்களுக்கான சேவைக்கு, நடந்து வரமுடிஞ்சவங்க மட்டும் ஓட்டுப் போட்டா எப்படிங்க ஜெயிக்கும்?" என்றாள். "நீங்களாவது நம்ம அட்டையில மூணு ஒட்டுங்க."

"ஊழியருக்கு ஸ்டிக்கர் கிடையாது."

"நல்ல துறை."

அவருக்குத் தூக்கம் போனது. போன வருடம் வீட்டு மருத்துவ அட்டை தூணுக்குப் பின்னால் தொங்கியது நினைவுக்கு வந்தது. அதை அங்கே மாட்டியவர் அவர்தான். வேறு காரணமில்லை, அங்கேதான் ஆணி இருந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருடம் முதலிடம் வந்த கொசு, டீ மேசைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. வருகிறவர்கள் முழங்கால் வலிக்காரர்கள், கையில் டீயோடும் பிஸ்கட்டோடும் நிற்பவர்கள். மூன்று பொட்டையும் கைக்கெட்டிய அட்டையில் ஒட்டிவிட்டு நாற்காலியைப் பார்த்துப் போவதுதான் வழக்கம். அந்த வருடம் முழுக்க துறை கொசுவின் பின்னால் ஓடியது. அலுவலகத்தில் மட்டும் கொசு குறையவில்லை.

கூட்டத்தன்று காலையில் மைக் அண்ணன் டீ மேசையை வாசல் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு இழுத்தார். வீட்டு மருத்துவ அட்டையை அதற்கு மேலே, குட்டையானவர்களுக்கும் எட்டுகிற உயரத்தில் மாட்டினார்.

அதிகாரியம்மா உள்ளே வந்ததும் கேட்டார். "டீ எப்பவும் வாசல்கிட்டதானே இருக்கும், அண்ணே?"

"அங்க பிளக் பாயிண்ட் வேலை செய்யல மேடம்" என்றார். கையிலிருந்த ஒயர் நனையும் அளவுக்கு வேர்த்தது. அலுவலகத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் லீவு கேட்பதற்காக இல்லாமல் சொன்ன முதல் பொய்.

மைக்கைப் பிடித்து ஹலோ சொன்னார். என் வீட்டில் ஒருத்தி படுத்துக்கிடக்கிறாள், அவளால் இங்கே வர முடியாது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அதிகாரியம்மா கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்துவிட்டார்.

மற்றபடி எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. ஒரு தாத்தா பிஸ்கட்டை வாயில் கவ்விக்கொண்டு மூன்று பொட்டையும் வரிசையாக ஒட்டினார். அவருக்குப் பின்னால் வந்த அம்மாள், "இது எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஒட்டினாள். இடைவேளை முடிவதற்குள் அட்டை பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. தூணுக்குப் பின்னால் இந்த முறை புகைப்பழக்கம் தொங்கியது. அதில் ஒரே ஒரு பொட்டு.

அன்றைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். "ஜெயிச்சிட்டோம்" என்றார். எப்படி என்று சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு சுளையாகச் சப்பிச் சாப்பிட்டாள். அவருக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையால் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று நினைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. 'இந்த ஆண்டின் முதல் முன்னுரிமை: வீடு தேடி மருத்துவம்' என்று புது பேனர் வந்திருந்தது. அன்றைய கூட்டத்துக்காக அதைக் கட்டி, நாற்காலி போட்டு, டீ வைத்துக்கொண்டிருந்தார். இந்நேரம் நர்சம்மா வீட்டுக்கு வந்திருப்பார், சட்டைக் கதை ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சர்க்கரையைக் கலக்கினார். நிமிர்ந்தால் வாசலில் நர்சம்மாவே நிற்கிறார். சீருடை இல்லை. கையில் ஃபைல்.

"நீங்க எங்கம்மா இங்க? வீட்டுக்குப் போகலையா?"

நர்சம்மா முகத்தில் ஈயாடவில்லை. "உங்ககிட்ட யாரும் சொல்லலையா அண்ணே? நம்ம சேவைதான முதலிடம் வந்திருக்கு. அதை எப்படி விரிவாக்குறதுன்னு குழு போட்டிருக்காங்க. அனுபவம் உள்ளவங்க வேணும்னு எங்க ரெண்டு பேரையும் அதுல போட்டுட்டாங்க. திட்டம் தயாராகுற வரைக்கும் வீட்டுக்குப் போறதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காங்க."

"வேற ஆளு?"

"ஆளும் கிடையாது, பணமும் கிடையாது. முதலிடம் மட்டும்தான் கிடைச்சிருக்கு."

"எவ்வளவு நாள்மா?"

"அடுத்த மக்கள் கூட்டத்துல திட்டத்தை வைக்கணுமாம்." நர்சம்மாவின் குரல் இறங்கியது. "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அண்ணே. இவ்வளவு பேர் கேட்டிருக்காங்க, புதுசா ஏதாவது செஞ்சுதானே ஆகணும்னு மேடம் கேக்குறாங்க. அவங்க கேக்குறதும் நியாயமாத்தான் இருக்கு."

இவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்கள். மைக் அண்ணன் டீ மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அவருக்கு மட்டும்தான் தெரியும். அழவும் முடியாது, வெளியே சொல்லவும் முடியாது. தன் தலையில் மட்டுமா? இந்த ஊரில் எத்தனை அறைகளில் எத்தனை பேர் இன்று காலையிலிருந்து ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

நர்சம்மா கைப்பையைத் திறந்து கையுறை, பஞ்சு, மருந்துத் துணி என்று இருந்ததையெல்லாம் எடுத்து அவர் சட்டைப்பையிலும் கையிலும் திணித்தார். "முதல்ல உப்புத் தண்ணியால நல்லா நனைச்சுக்குங்க. காத்திருங்க. அப்புறம் எடுக்கும்போது ஒரே மூச்சுல எடுக்கணும், பாதியில நிறுத்தக் கூடாது. அதுதான் வலிக்கும்." உள்ளேயிருந்து அதிகாரியம்மா கூப்பிட்டார். நர்சம்மா போய்விட்டார். மைக் அண்ணன் ஹலோ சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ கொடுத்தார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது குரல் வந்தது. "என்ன சுகாதாரத் துறை, நர்சம்மாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆணியை, தூணை, டீ மேசையை, பிளக் பாயிண்டை, தாத்தாவின் பிஸ்கட்டை. "நான்தான் உன் பொழப்பைக் கெடுத்தேன்" என்று முடித்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகப் பொய்யெல்லாம் சொன்னீங்களா?" என்றாள். வலியில் முகத்தைச் சுளித்து, மறுபடியும் சிரித்தாள். "அடுத்த வருஷம் நம்ம அட்டையை டீகிட்டயும் மாட்டாதீங்க, தூணுக்குப் பின்னாடியும் மாட்டாதீங்க. நடுவுல எங்கயாவது மாட்டுங்க. யாரு கண்ணுலயும் பெருசாப் படக்கூடாது. அப்பதான் அவங்கபாட்டுக்கு வேலையைப் பாப்பாங்க."

"அடுத்த வருஷம்" என்றார் அவர். நாலைந்து மாதத்தில் மூட வேண்டிய புண். இருவருக்குமே அது தெரியும்.

கையை அலம்பிக்கொண்டு வந்தார். கையுறை போட மூன்று தடவை விரல் மாறியது. அவளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரை விட்டு நனைத்தார். அடியில் இருந்த துணி ஒட்டியிருந்தது. கை உதற ஆரம்பித்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவரால் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"என்னங்க, முப்பது சட்டையைப் பிரிக்கச் சொன்னவன் கதை உங்களுக்குத் தெரியுமா?"

நூறு தடவை கேட்டிருக்கிறார். "தெரியாது" என்றார்.

"காலையில கடை திறந்ததும் வந்தான். நீலம் காட்டுன்னான். காட்டுனேன். இது வேணாம், கோடு போட்டது காட்டுன்னான்..." அவள் குரல் நிதானமாக, ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மேல் தட்டு வந்தது. ஏணி வந்தது. கை நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் பாத்தான். ஒண்ணு விடாம பாத்தான். கடைசியில என்ன வாங்கினான்னு சொல்லுங்க பாப்போம்?"

"கர்ச்சீப்" என்றார் மைக் அண்ணன். துணியை ஒரே மூச்சில் இழுத்தார்.