நாலாம் மாடி முடிச்சு

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மேலே உள்ள வார்டுகளின் அழுக்குத் துணியெல்லாம் மாடி எண் அச்சிட்ட விரிப்பில் மூட்டையாகி, சுவரில் உள்ள தகரக் குழாய் வழியாக வந்து எங்கள் காலடியில் விழும். மூட்டையை அவிழ்த்து, ரத்தம் பட்ட துணி, படாத துணி என்று பிரிப்பது எங்கள் வேலை. மூன்று பெண்கள். நான், எப்போதும் சத்தம் போட்டே பேசுவதால் ‘வெடி’ என்று பெயர் வாங்கிய ஒருத்தி, அப்புறம் நல்லாரு அக்கா.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் வாய்தான். யார் எது செய்தாலும் “நல்லாரு” என்பாள். வழிவிட்ட காவலாளிக்கு, தண்ணீர் குடம் தூக்கிவிட்ட எனக்கு. மனிதர்களோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. நிற்காமல் ஓடிய சலவை இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்து அதற்கும் சொல்வாள். காத்திருக்க வைக்காமல் கதவு திறந்தால் லிஃப்டுக்கும் உண்டு.

“லிஃப்டுக்கு எதுக்குக்கா ஆசீர்வாதம்? அது என்ன பத்துப் பிள்ளை பெறப் போகுதா?” என்பாள் வெடி.

“வாய் நோகாத செலவுதானேடி. நீயும் நல்லாரு.”

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பார்த்துக்கொண்டே இருப்பேன், அவ்வளவுதான். பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அக்காவின் எல்லா நல்லாருவும் ஒரே மாதிரி இல்லை. நாலாம் மாடி மூட்டை விழும்போது மட்டும் குரல் மாறும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் நாலாம் மாடியில் நாற்பது நாள் கிடந்து செத்தார். முதுகெல்லாம் புண். காலையில் வரும் ஆயா ஒருத்தி, அவரை வலிக்காமல் புரட்டி, சுருக்கமே இல்லாமல் விரிப்பு மாற்றுவாளாம். மாற்றிய துணியை மூலைக்கு மூலை இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுவாளாம். அக்கா இருந்த நிலையில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரும் கேட்கவில்லை. காரியம் முடிந்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு, நாலாம் மாடியில் இருந்து அதே மாதிரி முடிச்சோடு மூட்டை வந்தது.

“அந்தக் கைதான்” என்று என்னிடம் சொன்னாள். “அன்னைக்குச் சொல்லாததத் தினம் சொல்லிக்கிறேன்.”

மேலே போய் ஒரு தடவை பார்க்கலாமே என்றேன். என்ன சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது என்றாள். அந்தக் கூச்சம் எனக்கும் தெரியும் என்பதால் பிறகு கேட்கவில்லை.

மூட்டைகளை நாங்கள் இரும்புக் கொக்கியால் அவிழ்ப்போம். முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறை கட்டாயம். துணிக்குள் கத்தரி கிடக்கும், கண்ணாடிச் சில்லு கிடக்கும், ஊசி கிடக்கும். அக்காவும் போடுவாள். நாலாம் மாடி மூட்டைக்கு மட்டும் கழற்றிவிடுவாள்.

“இவ்வளவு பதமா கட்டி அனுப்புறவ துணிய ரப்பர் போட்டுக்கிட்டா தொடுறது? சந்தேகப்படுற மாதிரி இருக்கு.”

ஒரு செவ்வாய்க்கிழமை, முடிச்சை விரலால் அவிழ்த்து, “நல்லாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே கையை விட்டாள். ‘ஸ்’ என்ற சத்தம். கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஊசி நின்றது. அதன் பின்னால் இருந்த குழாயில் யாருடைய ரத்தமோ இருந்தது.

வெடிக்கு அன்றைக்குத்தான் சத்தம் வரவில்லை. நான் அக்காவின் கையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன்.

முதலுதவி அறையில் நர்ஸ் ரத்தம் எடுத்தாள். இன்றைக்கு எடுத்ததில் இன்றைய ஊசி தெரியாது, ஆறு வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று, அப்போதுதான் தெரியும் என்றாள். ஊசி யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்விதான்.

“கையுறை எங்கம்மா?”

“கவனக்குறைவு” என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா எழுந்தாள். “என்கூட மேல வர்றியா?” என்றாள். நாங்கள் படியேறிப் போனோம். வார்டுக் கடைசியில் ஒரு பெண் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கால் ஒன்றை மூட்டை மேல் வைத்து, மூலைகளை இழுத்து இறுக்கினாள். அதே முடிச்சு.

“ரொம்ப வருஷமா இங்க இருக்கியாம்மா?” என்றாள் அக்கா.

“ரெண்டு வருஷம். ஏன்?”

“முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களே…”

“எனக்கு முன்னாடி எத்தனையோ பேர். யாரைன்னு சொல்றது?”

“இந்த முடிச்சு யார் சொல்லிக் கொடுத்தா?”

அந்தப் பெண்ணுக்கு எரிச்சல் வந்தது. “இதுல சொல்லிக் கொடுக்க என்ன இருக்கு? குழாய்ல போகும்போது அவுந்துச்சுன்னா கத்துறாங்க. அதான் இறுக்குறேன். முப்பத்திரண்டு கட்டில்மா எனக்கு. எடு, சுருட்டு, கட்டு, தள்ளு.”

“உள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டியா?”

“எங்க நேரம்?” என்றவள், அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். மூட்டை மேல் இருந்த காலை எடுத்தாள். “என் மூட்டையா?”

அக்கா திரும்பினாள். இறங்கும்போது எனக்கு முன்னால் இரண்டு படி தள்ளிப் போனாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நல்லாரு நின்றுபோனது. இயந்திரம் ஓடும், லிஃப்ட் திறக்கும், அவள் பாட்டுக்குப் போவாள். தொந்தரவு விட்டது என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறை தாங்க முடியாமல் போனது. வெடி ஒருநாள் வேண்டுமென்றே அவளுக்குக் குடம் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காத்து நின்றாள். அக்கா குடத்தை வாங்கிக்கொண்டாள்.

ஆறாவது வாரச் சீட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதச் சீட்டில் இருந்தது. கல்லீரலைப் பிடிக்கிற கிருமி. மாத்திரை உண்டு, பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது என்றார் டாக்டர். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, வேலைக்கும் வரலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைச் சூப்பர்வைசர் விரல் நுனியால் வாங்கினார்.

அன்று எங்கள் டம்ளர்கள் இருக்கும் பலகையில் அக்காவின் டம்ளர் தனியாக நின்றது. அதை யாரும் தொடவில்லை. மற்ற இரண்டும்தான் நகர்ந்திருந்தன. ஒன்று வெடியுடையது. இன்னொன்று என்னுடையது. அதை நகர்த்தியது நான்தான். டாக்டர் சொன்னது காதில் இருந்தும் கை நகர்த்திவிட்டது. அக்கா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் டம்ளரில் தண்ணீர் பிடித்து மாத்திரையை விழுங்கினாள். மறுநாள் காலை அவள் வருவதற்குள் என் டம்ளரைப் பழைய இடத்தில் வைத்தேன். அதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டியதில்லை.

அன்று பதினொரு மணிவாக்கில் நாலாம் மாடி மூட்டை விழுந்தது. இந்த மூன்று மாதமும் இறுக்கமாகவே வந்த முடிச்சு இப்போது இறுக்கமாக இல்லை; அக்காவின் சீட்டு விஷயம் மேலே எட்டியிருக்க வேண்டும். இரண்டு மூலையை மட்டும் தளர்வாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. குழாயில் வரும்போதே பாதி அவிழ்ந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. இப்படி அனுப்பினால் மேலே கட்டுகிற அந்தப் பெண்ணைத்தான் திட்டுவார்கள்.

அக்கா தடித்த கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டாள். கொக்கியால் முடிச்சை எடுத்தாள். முதல் விரிப்பை நுனியில் பிடித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. இரண்டாவது, மூன்றாவது. தலையணை உறைகளைத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு விரிப்பையும் உதறி முடிக்க நேரமானது. வெடியும் நானும் எங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி இல்லை. ஒரு பஞ்சு கூட இல்லை.

காலித் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லாரு” என்றாள். பழைய குரல் இல்லை அது. கடையில் சாமானைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டவள் சொல்வது போல இருந்தது.

பிறகு அடுத்த மூட்டை விழுந்தது. அது இரண்டாம் மாடி.