பல்லைக் கொடுத்துவிட்டுப் படுப்பவர்

முதலில் சாவிக்கொத்து. பிறகு புதினா மிட்டாய் டப்பா. கடைசியாக, வாயை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றிக் கட்டம் போட்ட கைக்குட்டையில் சுற்றி என் உள்ளங்கையில் வைப்பார் ஹெட்லி கேப்ஸ்டிக். "பத்திரம் கண்ணு. போன தடவ நாய் வந்து மோந்து பாத்துச்சு." அதன்பின் ஈரப் புல்லில் கிடக்கும் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் மார்பின்மேல் மடித்துக்கொள்வார். எட்டுப் பேர் சேர்ந்து அவரை வாரால் இறுக்கிக் கட்டுவார்கள்.

அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் குகை மீட்புக் குழுவில் அவருடைய வேலையே அடிபட்டவராகப் படுப்பதுதான். இந்த யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஆடு மேய்கிற புல்லுக்கு அடியிலெல்லாம் பொந்து. யாராவது உள்ளே போய் மாட்டிக்கொண்டால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நாங்கள். தலைவி ஐடா ஃபாசெட் மாட்டு வைத்தியர். டெனிஸ் கல்குவாரியில் வேலை செய்கிறான். நான் கயிறு கழுவுகிறேன், கிழிந்த உடுப்புகளைத் தைக்கிறேன். யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஹெட்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரி ஓட்டுகிறார். எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை; பத்தொன்பது வருடங்களாக அவர்தான் ஸ்ட்ரெச்சரில். "இந்த மூட்டையத் தூக்கிட்டோம்னா பியானோவையும் தூக்கிரலாம்" என்பான் டெனிஸ்.

மூட்டை சும்மா கிடக்காது. குகைக்குள் போனதிலிருந்து வெளியே வரும்வரை பேச்சுதான். "டெனிசு, உன் முட்டி என் விலாவுல இருக்கு. உன் பொண்டாட்டிகிட்டகூட இவ்வளவு நெருங்கியிருக்கமாட்ட." "எடது பக்கம் சாயுது கண்ணு, மூக்குல தண்ணி." ஆண், பெண், ஆடு எல்லாமே அவருக்குக் கண்ணுதான். தூக்குகிறவர்கள் வாயைத் திறக்காமல் தூக்கினால் மட்டும் கோபம் வந்துவிடும். "என்கிட்டச் சொல்லிட்டுச் செய்யுங்கப்பா. நான் என்ன உருளக்கெழங்கா?" அவர் தொல்லைக்காகவே எல்லோரும் சொல்லிப் பழகினார்கள். இப்பத் தூக்குறோம் ஹெட்லி. தலைய எறக்குறோம் ஹெட்லி.

ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள் குழிகளில் விழும். இறங்குகிற உடம்பு இல்லை என்பதால் ஹெட்லி மேலே நின்று கயிற்றை இழுப்பார். கயிற்றில் கட்டிய பைக்குள்ளிருந்து குட்டி கத்தும். "இன்னும் ரெண்டு இழுப்புதான் கண்ணு. அப்பறம் வெளிச்சம் கண்ணக் கூசும், பயந்துக்காத" என்று அதற்கும் சொல்லிக்கொண்டிருப்பார். தலை வெளியே வந்ததும் குட்டி கண்ணை மூடிக்கொள்ளும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒருமாதிரி இருக்கும்.

போன வருடம் மே மாதம், ஒத்திகையில் ஹெட்லிக்குப் பதிலாகப் படுக்க ஒரு பொம்மை வந்தது. ஆரஞ்சு நிறம், எண்பது கிலோ, கை கால் எல்லாம் மடங்கும். கேக் சுட்டு விற்ற காசில் வாங்கினோம். ஹெட்லியின் முழங்கால் சரியில்லை, ஈரத்தில் மணிக்கணக்காகக் கிடக்கவேண்டாம் என்று ஐடா நல்லெண்ணத்தில்தான் செய்தார். டெனிஸ் அதற்குச் சின்ன ஹெட்லி என்று பெயர் வைத்தான். நான்கு மணி நேர ஒத்திகை மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

ஹெட்லி அப்போதும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். கல்சுவரின்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். "நல்ல ஆளுதான். வாயத் தொறக்கறதில்ல, என்னவிட அழகு." ஜூனில் ஒருநாள், மற்றவர்கள் பொம்மையைக் கட்டத் தொடங்கியதும் அவர் கை தானாகப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் கேக்கை நீட்டினேன், வேண்டாம் என்றார். கேக்கை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கோஸ்கில் என்ற குகைக்குள் ஐல்சா என்ற பெண் வழுக்கி விழுந்தாள். எடின்பரோவில் படிப்பவள், இருபத்திரண்டு வயது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாலையில் பெருமழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். கோஸ்கிலிலிருந்து வெளியே வருகிற வழியில் கட்டிலடி என்று நாங்கள் சொல்கிற இடம் இருக்கிறது. ஒரு கூடம் அளவுக்கு அகலம், கட்டிலுக்கு அடியில் இருக்கிற அளவுக்குத்தான் உயரம். முப்பது மீட்டர் நீளம், மல்லாந்து படுத்தால் காது மட்டத்துக்குத் தண்ணீர். மழை விழுந்தால் ஒரு மணி நேரத்தில் கூரைவரை நிரம்பிவிடும். அதற்குள் அவளை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

ஐடாவும் ஹெட்லியும் நானும் குகை வாசலில் இருந்தோம். உள்ளே இழுத்த ஒயரின் முனையில் தொலைபேசி. மதியம் டெனிஸின் குரல் வந்தது.

"ஐடா, ஊசி போட்டாச்சு, கால்ல சட்டம் கட்டியாச்சு. கட்டிலடிகிட்ட வந்ததும் கைய உருவிக்கிட்டா. திரும்பக் கட்ட விடமாட்டேங்குறா, ஒரே கத்தல். துள்ளித் துள்ளிக் கால இன்னும் கெடுத்துக்கறா."

"என்னதான் சொல்றா?"

"நான் செத்துட்டேனான்னு கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல ஐடா. நாங்க தூக்கிக்கிட்டு இருந்தோம்."

ஆறு மாதம் பொம்மையைத் தூக்கிப் பழகிய கைகள். இருட்டில் கட்டப்பட்டுக் கிடந்தவளின் முகத்துக்கு மேலே தூக்கு, இறக்கு, தள்ளு என்று தங்களுக்குள் கத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐடா தலையில் கை வைத்துக்கொண்டார். என் மடியில் ஏதோ விழுந்தது. சாவிக்கொத்து. பிறகு மிட்டாய் டப்பா. பிறகு கைக்குட்டை.

"ஹெட்லி, உன் உடம்பு கட்டிலடிக்குள்ள போகாது" என்றார் ஐடா.

"பத்தொம்பது வருஷமா அதுக்குள்ளதான என்னை இழுத்துட்டுப் போனீங்க?" பல் இல்லாமல் குழறியது பேச்சு. குனிந்து உள்ளே போய்விட்டார்.

உள்ளே நடந்ததை டெனிஸ் பிறகு என்னிடம் சொன்னான். ஹெட்லி கட்டிலடியைக் கடந்து அந்தப் பக்கம் போய் அவள் தலைமாட்டில் முழங்காலிட்டிருக்கிறார். "ஐல்சா, நான் ஹெட்லி. நீ சாகல கண்ணு. நீ படுத்திருக்கியே, இதுல நான் எரநூறு தடவ படுத்திருக்கேன். அடுத்து என்ன வரும்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன்."

"கைய ஏன் கட்டறாங்க?"

"வெளிய நீட்டுனா வெரல் பாறைல நசுங்கிரும். அதுக்குத்தான். இரு, நானும் மடக்கிக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தண்ணீரிலேயே மல்லாந்து படுத்தார். கைகளை மார்பின்மேல் மடித்துக்கொண்டார். ஐல்சா அவரைப் பார்த்தாள். கட்ட விட்டாள்.

முப்பது மீட்டரும் அவர் அப்படியேதான் வந்தார். குதிகாலை ஊன்றி, முதுகைத் தேய்த்து, நூற்றுப் பன்னிரண்டு கிலோவையும் அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு, அவள் தலைக்கு நேராகத் தன் தலை இருக்கும்படி.

"இப்பக் காதுல தண்ணி ஏறும். சத்தமெல்லாம் தூரமாப் போகும். நீ போகல, சத்தம்தான் போகுது."

"தோள்ல ஒரு இடி விழும். அது டெனிசு முட்டி. மன்னிப்புக் கேக்கமாட்டான்."

"மூக்குக்கு மேல பாறைல வெள்ளையா ஒரு கோடு வரும். வந்தா சொல்லு, பாதி முடிஞ்சது."

கொஞ்ச நேரம் கழித்து, "வந்துருச்சு" என்றாளாம் ஐல்சா.

இதைச் சொல்லும்போது டெனிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கைய எடுத்துக் கூரையத் தள்ளியிருந்தா அவனுக்குச் சுலபமா இருந்திருக்கும். எடுக்கல" என்றான். ஹெட்லியின் உடுப்பை நான்தான் தைத்தேன். முதுகுப் பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை துணி இல்லை. பூட்சின் குதிகால்கள் சரிவாகத் தேய்ந்திருந்தன.

பொம்மை இப்போது கொட்டகையில் இருக்கிறது. ஈரக் கையுறைகளை அதன் கைகளில்தான் காயப்போடுகிறேன்.

அன்று மூன்று மணிக்கு முதல் தூறல் விழுந்தபோது அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் சாலையில் நின்றது. நடுவில் நான்கு வயல். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் ஹெட்லி நடந்தார். குளிரில் உடம்பெல்லாம் உதறியது. கைகள் மட்டும் மார்பின்மேல் மடித்தபடியே இருந்தன. புல்முடிச்சில் கால் தட்டி விழப்போனார்.

"கையப் பிரிச்சு நட, மூட்ட. விழுந்து தொலையப் போற" என்றான் டெனிஸ்.

ஹெட்லி அவன் பக்கம் திரும்பவில்லை. "இப்ப ஒரு செவுரு கண்ணு. கால் மேல போகும், தல கீழ வரும். பத்து எண்ணு" என்று அவளிடம் சொன்னார்.

ஆம்புலன்சுக்குள் வைத்து வார்களை அவிழ்த்தார்கள். கால், இடுப்பு, கடைசியில் மார்பு. ஐல்சாவின் இரண்டு கைகளும் போர்வைக்கு வெளியே வந்தன. ஹெட்லி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தன் கைகளைப் பிரித்தார். ஒன்றால் வாயை மறைத்துக்கொண்டு, மற்றதைக் கைக்குட்டைக்காக என் பக்கம் நீட்டினார்.