பதினேழாவது கேள்வி

எங்கள் பழங்கணினிச் சங்கத்தில் லிஃப்ட்காரரைத் தெரியாதவர் கிடையாது. அவர் லிஃப்டை ஓட்டுகிறவர் அல்ல, பழுது பார்க்கிறவர். வாரத்தில் ஆறு நாள் ஏதாவதொரு அடுக்குமாடியின் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்பார். ஏழாவது நாள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தபால் அலுவலக மாடியில் இருக்கும் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார். யாரோ குப்பையில் போடவிருந்த நாற்பது வருடத்துக் கணினிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைப்போம். அவர் அதைத் திறந்து, முகர்ந்து பார்த்து, எங்கே கருகியிருக்கிறது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார். காசு வாங்க மாட்டார்.

நான் மருந்துக்கடைக்காரன். அவரைவிட இரண்டு வயது பெரியவன், வேலை தெரியாதவன், வாய் மட்டும் உள்ளவன். அவருக்கோ வாயே கிடையாது. வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: “அண்ணே, இவர் வாயத் தொறக்கறதே அந்த மேசையில என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்குத்தான். ஒரு நாள் சேதிய ஒரு வாரத்துக்கு வச்சு வச்சுச் சொல்லுவார்.” மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய பிறகு அந்த வீட்டில் தையல் இயந்திரத்தின் சத்தத்தை விட்டால் அந்தச் சேதிதான்.

எங்களிடம் அதிகம் இருந்தது ஒரு மாடல். பழுப்புப் பெட்டி என்போம். அதன் உள்ளே ஒலி வரும் பகுதியில் சுண்டுவிரல் நகம் அளவில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. அதற்குக் கூட்டல் பக்கம், கழித்தல் பக்கம் இரண்டும் இருக்கும். திருப்பிப் போட்டால் உடனே ஒன்றும் ஆகாது. சில வாரங்களில் வீங்கிக் கசிந்து பலகையையே அரித்துவிடும். லிஃப்ட்காரர் பத்து வருடத்துக்கு முன்பு எழுதிய குறிப்பில், பலகையில் அச்சிட்டிருக்கும் கூட்டல் குறியைப் பார்த்துப் போடுங்கள் என்று எழுதியிருந்தார். பிறகு அவர் சரிசெய்த மூன்று பெட்டிகள் வரிசையாகப் படுத்தன. மீட்டரை வைத்து அளந்து பார்த்தால், தொழிற்சாலையில் அச்சடித்தவனே அந்த ஒரு இடத்தில் குறியை மாற்றி அடித்திருக்கிறான். லிஃப்ட்காரர் குறிப்பைத் திருத்தி எழுதினார். அதோடு விடவில்லை. தான் கைவைத்த ஒவ்வொரு பெட்டியையும் தேடி, பஸ் பிடித்து வீடு வீடாகப் போய்த் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட சங்கத்துக்குத் தரம் போதவில்லை என்று எங்கள் செயலாளருக்குத் தோன்றியது. அவர் பல் டாக்டர். அவர் கொண்டுவந்த திட்டம் இது: கட்டணம் கட்டித் தேர்வு எழுதினால் சான்றிதழ், கழுத்தில் மாட்டிக்கொள்ள ரிப்பன் வைத்த அட்டை. அட்டை இல்லாதவர் கூடத்தில் எந்த இயந்திரத்தையும் திறக்கக் கூடாது. கேள்வித்தாளைத் தயாரித்தவர் என்ற முறையில் முதல் அட்டையை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார். தீர்மானம் வந்தபோது நானும் கை தூக்கினேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இந்த வயதில் கழுத்தில் ஒரு அட்டை தொங்கினால் நன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். அற்பப் புத்தி.

தேர்வுக்கான பாடம் லிஃப்ட்காரருடைய குறிப்பேதான். ஆனால் டாக்டரிடம் இருந்தது திருத்தாத பழைய பிரதி. பதினேழாவது கேள்வி அந்தக் கெப்பாசிட்டரைப் பற்றியது, அதுவும் கட்டாயக் கேள்வி. அதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. ஒன்றும் தெரியாத நான் படித்ததை அப்படியே எழுதி அட்டை வாங்கினேன். லிஃப்ட்காரர் சரியான பதிலை எழுதித் தோற்றுப்போனார்.

திருத்திய குறிப்பை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனோம். டாக்டர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதுதான் எரிச்சல். “சார், நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஏற்கெனவே முப்பத்தோரு பேருக்கு அட்டை குடுத்தாச்சு. இப்பப் போய்க் கேள்வி தப்புன்னா அத்தனை பேரையும் கூப்பிட்டு வாங்கணும். அது நடக்கற காரியமா?” என்றார். லிஃப்ட்காரர் திரும்பி நடந்து வந்துவிட்டார். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

அடுத்த மூன்று மாதமும் அவர் கூடத்துக்கு வந்தார். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மேசையில் அட்டை மாட்டியவர்கள் ஈயம் பற்றவைக்கும் கோலைத் தப்பாகப் பிடித்து எதையாவது கருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அவரை அறியாமல் எழுந்து கை நீட்டிவிட்டார். “அட்டை, சார்” என்று யாரோ நினைவுபடுத்த, உட்கார்ந்துவிட்டார். அந்த யாரோவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவர் மனைவி மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். வீட்டில் பேச்சே நின்றுபோயிற்றாம். மகள் போன் செய்தால்கூட ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறாராம், அவளுக்குத் தெரியுமா தலையாட்டுவது. அன்றுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அவரைப் பிடித்து உட்கார வைத்து, “அவங்க கேக்கறத எழுதிக் குடுத்துட்டு உள்ள வந்துடுங்க. வந்தப்புறம் எல்லாத்தையும் மாத்திக்கலாம்” என்றேன். இரண்டு நாள் யோசித்தார். மறுபடி கட்டணம் கட்டி எழுதினார். பதினேழாவது கேள்விக்கு பலகையில் அச்சிட்ட கூட்டல் குறியின்படியே போட வேண்டும் என்று, தன் கையால், படம் போட்டு எழுதினார்.

நூற்றுக்கு நூறு. அட்டையை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். வீட்டில் பேச்சு திரும்பிவிட்டதென்று அவர் மனைவி போன் செய்து அழுதார். நானும் ஊரையே காப்பாற்றிவிட்ட மாதிரி திரிந்தேன். டாக்டர் அந்த விடைத்தாளைப் படம் எடுத்து, மாதிரி விடை என்று சங்கத்தில் எல்லோருக்கும் அனுப்பியதை நாங்கள் இருவருமே பார்த்தோம். லிஃப்ட்காரர் அதைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. மேசை மறுபடி போய்விடுமோ என்ற பயம் அவருக்கு, அவர் மறுபடி ஊமையாகிவிடுவாரோ என்ற பயம் எனக்கு.

இரண்டு மாதம் கழித்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் பழுப்புப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக இருபது வருடம் அதில் பாடம் எழுதியவர். அவர் பெட்டி சத்தம் போடுவதை நிறுத்தி, பிறகு எல்லாவற்றையுமே நிறுத்தியிருந்தது. லிஃப்ட்காரர் திறந்தார். பலகை பச்சையாய்ப் பூத்து, கோடுகள் எல்லாம் அரித்துப் போயிருந்தன. இந்தப் பெட்டிக்குத்தான் திருப்பிப் போட்டுக் கொடுத்தோமே என்று முனகினார்.

“ஆமா, நல்லாத்தான் ஓடிட்டிருந்தது” என்றார் டீச்சர். “உங்க விடைத்தாள் வந்துச்சு. நீங்க முன்னாடி திருத்திக் குடுத்த குறிப்பையும் பக்கத்துல வச்சுத் தேதி பார்த்தேன். இதுதான் புதுசு. நீங்களே மறுபடி மாத்திட்டீங்கன்னு நெனச்சு, இருந்தத நானே கழட்டித் திருப்பிப் போட்டேன். சரியாப் போட்டிருக்கேனா பாருங்க.”

கூடத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். லிஃப்ட்காரர் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நான் எழுதின மாதிரிதான் போட்டிருக்கீங்க. நான் தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன்ம்மா.”

“எதுக்கு?”

“இங்க உக்கார்றதுக்கு.”

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். பெட்டியை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மெல்ல இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் அதே மாதிரி அரித்துப்போன இன்னும் இரண்டு பழுப்புப் பெட்டிகள் வந்தன.

லிஃப்ட்காரர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பதினேழாவது கேள்வி தப்பு, என் விடையும் தப்பு, தெரிந்தே எழுதினேன், எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று. ஒரு வாரத்தில் பதில் வந்தது. தேர்வில் நேர்மையின்றி நடந்துகொண்டதாக அவரே ஒப்புக்கொண்டதால் சான்றிதழ் ரத்து, இனி மறுபடி எழுத அனுமதி இல்லை. கேள்வியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அவர் இப்போது ஏழாவது நாளும் வேலைக்குப் போகிறார். நான் வீட்டுக்குப் போனால் எழுந்து நாற்காலி போடுகிறார், அவ்வளவுதான். அவர் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தைக்கிறார். என்னை இப்போது அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

அந்த மேசையில் ஆள் இல்லையென்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். தப்பான விடை எழுதி வாங்கிய அட்டை என் கழுத்தில் பத்திரமாகத் தொங்குகிறது. போன வாரம் ஒருவர் பழுப்புப் பெட்டி கொண்டுவந்தார். இதை நான் தொட மாட்டேன், இதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார்.

“அவருக்கு சர்டிஃபிகேட் இருக்கா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்.